இங்கிலாந்து ஏன் தோற்றது?

சித்திரை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எமது சங்கச் செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டார். "பண்டிகையைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எழுத ஆக்கள் இருக்கினம். நான் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதட்டோ?" என்றேன். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. "இங்கிலாந்து ரீம் ஏன் தோற்றது எண்டு எழுதப்போறன்" என்று விளக்கினேன். தம்பி சிரித்துப்போட்டு, "அதில என்ன அண்ணை எழுதக் கிடக்கு? அவங்களுக்குப் பெனால்ரி அடிக்கத் தெரியாது. அவ்வளவுதானே" என்றார்.

எமது வீடுகளிலும் கடைகளிலும் வேலைத்தலங்களிலும் சொல்லப்படுகிற பதில் இதுதான். வெள்ளைக்காரரும் இதையேதான் சொல்கிறார்கள். இது சரியான பதில் அல்ல என்பது என் எண்ணம். அதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணமும் உண்டு.

2021 யூலை 11 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 என்று சமமாக நின்று, தண்ட உதைகளில் இத்தாலி 3-2 என்று வென்றது. இங்கிலாந்துக்காக உதைத்த ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் தவறவிட்டார்கள். மூவரும் கறுப்பின இளைஞர்கள். அன்றிரவே இணையத்தில் அவர்கள் மீது இனவெறி வசைகள் கொட்டத் தொடங்கின.

இங்கிலாந்துச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்த என் கடைசி மகனுக்கு அப்போது 12 வயது. அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டான்: "அப்பா, நான் அந்தப் பெனால்ரியை விட்டிருந்தா என்னையும் இப்பிடித்தான் ஏசியிருப்பினமோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு பதிலைத் தேடித்தான் இந்த வரலாற்றை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன்.

கண்டுபிடித்தவர்களின் கர்வம்

இந்த விளையாட்டுக்குப் பொது விதிகளை எழுதி வைத்தவர்கள் ஆங்கிலேயர். 1863 இல் லண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் உருவானது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்ததே முதலாவது சர்வதேச ஆட்டம். ஒருவரும் கோல் போடவில்லை. அதன்பின் கப்பல்காரர், ரயில்பாதை போடப் போனவர்கள், வியாபாரிகள், ஆசிரியர்மார் என்று பிரித்தானியர் போன இடமெல்லாம் பந்தும் கூடப் போனது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களுக்கும் அது வெள்ளைக்காரனோடுதான் வந்து சேர்ந்தது.

கண்டுபிடித்தவனுக்கு ஒரு கர்வம் வரும். 1904 இல் பாரிசில் பீபா ஆரம்பிக்கப்பட்டபோது இங்கிலாந்து அதில் இல்லை. பிறகு சேர்ந்தது. முதலாம் உலகப்போர் முடிந்ததும், பகை நாடுகளோடு விளையாட மாட்டோம் என்று விலகியது. மீண்டும் சேர்ந்து, தொழில்முறை அல்லாத வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய தகராறில் 1928 இல் மறுபடி விலகியது. திரும்பியது 1946 இல்தான். இதனால் 1930, 1934, 1938 ஆகிய மூன்று உலகக்கிண்ணங்களிலும் இங்கிலாந்து ஆடவில்லை. அந்தக் காலத்தில் உருகுவே, இத்தாலி, பிரேசில் போன்ற நாடுகள் ஒருவரோடொருவர் ஆடி ஆடிப் புதிய முறைகளைக் கற்றுக்கொண்டிருந்தன. ஆசிரியர் வகுப்புக்கு வராமல் இருக்க, மாணவர்கள் தாங்களாகவே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

1950 இல் முதன்முறையாக இங்கிலாந்து உலகக்கிண்ணத்துக்குப் போனது. யூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசொன்ரே நகரில் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது. கோல் போட்டவர் ஹெயிற்றியில் பிறந்த ஜோ கேற்ஜென்ஸ். அன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய ஆட்டக்காரரான ஸ்ரான்லி மத்தியூஸ் ஆடவிடப்படவில்லை. பயிற்றுநர் வோல்ட்டர் விண்டர்பொட்டம் என்பவர். ஆனால் யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை. அது சங்கத்து நிர்வாகிகளின் கையில் இருந்தது. பயிற்சி கொடுப்பவர் ஒருவர், ஆளைத் தெரிவு செய்பவர் இன்னொருவர்! எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களில் நிர்வாகசபை நடந்த விதத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெம்பிளியில் ஒரு வகுப்பு

அமெரிக்காவிடம் தோற்றதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். 1953 நவம்பர் 25 ஐ அப்படிச் சொல்ல முடியாது. அன்று வெம்பிளியில் ஹங்கேரி 6-3 என்று இங்கிலாந்தை வென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த ஒரு நாடு வெம்பிளியில் இங்கிலாந்தை வென்றது அதுவே முதல் தடவை. முதல் நிமிடம் முடிவதற்குள் முதல் கோல் விழுந்தது.

ஹங்கேரியின் 9 ஆம் இலக்க வீரர் ஹிடெக்குட்டி. அந்த இலக்கத்தை அணிபவர் எதிரியின் கோலுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பது ஆங்கிலேயர் அறிந்த ஒழுங்கு. ஹிடெக்குட்டியோ பின்னால், நடுமைதானத்துக்குப் போய் நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஆங்கில வீரருக்குக் கூடவே போவதா, நின்ற இடத்தில் நிற்பதா என்று விளங்கவில்லை. போனால் பின்னால் வெளி, நின்றால் ஹிடெக்குட்டி சும்மா நிற்கிறார். அவர் மாத்திரம் மூன்று கோல்கள் போட்டார். ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் நடந்த மறு ஆட்டத்தில் ஹங்கேரி 7-1 என்று வென்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹங்கேரியருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயர். லங்காஷயரைச் சேர்ந்தவர். 1914 இல் போர் வெடித்தபோது வியன்னாவில் அகப்பட்டு, எதிரி நாட்டவர் என்று பிடிக்கப்பட்டு, பின்னர் புடாபெஸ்டுக்குப் போய் அங்கே ஒரு கழகத்துக்குப் பயிற்சி கொடுத்தவர். வெம்பிளி வெற்றிக்குப் பிறகு ஹங்கேரிச் சங்கத்தின் தலைவரே தங்கள் ஆட்டத்துக்கு ஹோகன்தான் ஆசான் என்று நன்றியோடு சொன்னார். போரில் அகப்பட்டு அந்நிய மண்ணில் நின்ற ஒரு மனிதன் அங்கே விதைத்ததை அவனுடைய சொந்த நாடு கவனிக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் நெஞ்சில் தைக்கிறது.

அடி வாங்கிய பிறகும் கர்வம் உடனே போய்விடவில்லை. 1955 இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணம் தொடங்கியபோது, இங்கிலாந்தின் சம்பியனான செல்சி கலந்துகொள்ள வேண்டாம் என்று லீக் நிர்வாகம் தடுத்துவிட்டது. அடுத்த வருடம் மன்செஸ்ரர் யுனைற்றெட் அந்த எதிர்ப்பையும் மீறித்தான் போனது.

1966 என்னும் பாரம்

அந்த 6-3 ஆட்டத்தில் பின்கள வீரராக ஆடி, ஒரு தண்ட உதையைக் கோலாகவும் மாற்றியவர் அல்ஃப் ராம்சி. 1963 இல் அவர் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றபோது வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வீரர்களைத் தெரிவு செய்பவன் நான். தெரிவுக்குழுவின் ஆட்சி அத்தோடு முடிந்தது. ஓரக்கள வீரர் இல்லாத புதிய ஆட்டமுறையை அமைத்து, 1966 யூலை 30 அன்று மேற்கு ஜேர்மனியை 4-2 என்று வென்று உலகக்கிண்ணத்தை எடுத்தார். அந்தத் தொடரில் இங்கிலாந்து ஆடிய ஆறு ஆட்டங்களும் வெம்பிளியிலேயே நடந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த வெற்றி ஒரு பாடமாக இருந்திருக்கலாம். தோல்வியிலிருந்து கற்றவன் வென்றான் என்று. ஆனால் நாடு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கிண்ணம் உரியவர் வீட்டுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. 1970 இல் மெக்சிக்கோவில் மேற்கு ஜேர்மனிக்கு எதிராக 2-0 என்று முன்னின்று 3-2 என்று தோற்றார்கள். 1973 ஒக்ரோபரில் வெம்பிளியில் போலந்தோடு 1-1 என்று முடிந்ததால் அடுத்த உலகக்கிண்ணத்துக்கே தகுதி பெறவில்லை. 1978 இலும் இல்லை. பின்னர் 1994 இலும் இல்லை. வெளியே ஒல்லாந்தும் ஜேர்மனியும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சிந்தித்து ஆடப் பழகிய காலத்தில், இங்கிலாந்தின் பயிற்சித் தலைமையில் இருந்தவர்கள் பந்தை நீளமாக முன்னுக்கு அடித்துவிடுவதே விஞ்ஞானம் என்று போதித்தார்கள்.

1990 இல் நான் இந்த நாட்டுக்குப் புதிது. ஒரே அறையில் ஏழு பேர். ஒருவர் கடையில் மலிவாக வாங்கி வந்த சின்ன ரிவியில் யூலை 4 அரையிறுதியைப் பார்த்தோம். மேற்கு ஜேர்மனியோடு 1-1. தண்ட உதைகளில் தோல்வி. பியர்சின் உதை தடுக்கப்பட்டது, வொடிலின் உதை கம்பத்துக்கு மேலால் போனது. எங்களில் ஒருவருக்கும் அப்போது விசா முடிவு வரவில்லை. ஆனாலும் ஏனோ எல்லோருக்கும் கவலையாக இருந்தது. "பாவம் அந்தப் பெடியள்" என்று ஒருவர் சொன்னது ஞாபகம்.

கழகமா, நாடா?

1992 இல் பிரீமியர் லீக் தொடங்கியது. தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாக வந்தது. தொடங்கிய முதல் வார இறுதியில், பிரித்தானியா, அயர்லாந்து தவிர்ந்த நாடுகளிலிருந்து வந்து ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் 13 பேர்தான். 1999 டிசம்பர் 26 அன்று செல்சி ஓர் ஆங்கிலேயர்கூட இல்லாத பதினொருவரை இறக்கியது. 2013 அளவில் பிரீமியர் லீக்கில் ஆடுபவர்களில் இங்கிலாந்துக்கு ஆடத் தகுதியுள்ளவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மாத்திரமே.

வெளிநாட்டவர் வந்ததால்தான் ஆங்கிலேயன் கெட்டான் என்று சிலர் இதை வைத்துச் சொல்லுவார்கள். இந்தப் பேச்சு எமக்குப் புதிதல்ல. வேறு வேலைத்தலங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். ஆனால் வெளிநாட்டவர் வருவதற்கு முன்னரே இங்கிலாந்து தோற்றுக்கொண்டுதானே இருந்தது? 1974, 1978 இல் தகுதிகூடப் பெறாதபோது லீக் முழுவதும் பிரித்தானியரும் ஐரிஷ்காரரும்தான். உண்மையில் வந்தவர்களிடமிருந்து இளம் ஆங்கில வீரர்கள் உணவு, உடற்பயிற்சி, நுணுக்கம் எல்லாம் கற்றார்கள்.

குறை வேறிடத்தில். கழகங்கள் பணக்காரர்களாயின, தேசிய அணி அவர்கள் விட்டுக் கொடுக்கும் மிச்ச நாட்களில் ஆடும் அணியாயிற்று. மற்ற ஐரோப்பிய நாடுகள் பல மாரியில் ஓய்வு கொடுக்க, இங்கே நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில்தான் ஆட்டங்கள் நெருக்கியடித்தன. கோடையில் உலகக்கிண்ணம் வரும்போது வீரர்கள் களைத்திருந்தார்கள். அதைவிடப் பெரியது மனக்கசப்பு. 2000 களில் ஜெரார்ட், லம்பார்ட், பேர்டினன்ட், பெக்கம், ரூனி என்று ஒரு தங்கத் தலைமுறை இருந்தது. கழகப் பகையால் தேசிய முகாமிலும் தாங்கள் நெருங்கிப் பழகவில்லை என்று, ஓய்வு பெற்ற பின்னர் அவர்களில் சிலரே வெளிப்படையாகச் சொன்னார்கள். 2006 இல் காலிறுதி; 2008 ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதியே இல்லை; 2010 இல் ஜேர்மனியிடம் 4-1. ஆள் திறமாக இருந்தும் அணி திறமாக இல்லை. இயக்கங்களும் சங்கங்களும் பலதாகப் பிரிந்து நின்று நாம் பட்டதை நினைப்பவர்களுக்கு இதுவும் விளங்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். 2009 இல் குப்பர், சிமான்ஸ்கி என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். சனத்தொகை, செல்வம், ஆடிய அனுபவம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் இங்கிலாந்து எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குத்தான் ஆடுகிறது என்பது அவர்கள் முடிவு. அதாவது கோளாறில் ஒரு பாதி காலில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது.

பன்னிரண்டு யார் தூரம்

இனித் தண்ட உதைக்கு வருவோம். 1990 முதல் 2012 வரை பெரிய போட்டிகளில் இங்கிலாந்து ஏழு தடவை தண்ட உதைகளுக்குப் போனது. வென்றது ஒரு தடவை, 1996 இல் ஸ்பெயினை. அதே தொடரின் அரையிறுதியில் ஜேர்மனியிடம் தோற்றபோது தவறவிட்டவர் கரெத் சவுத்கேற். 1998 இல் ஆர்ஜன்ரீனாவுக்கு எதிராகக் கடைசி உதையை உதைக்க அனுப்பப்பட்டவர், அதற்கு முன் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலும் தண்ட உதை உதைத்தவரல்லர்!

அது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி, பயிற்சியால் வராது என்பது பலருடைய நம்பிக்கையாக இருந்தது. நோர்வே நாட்டு உளவியல் ஆய்வாளர் கெய்ர் யோர்டெற் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அளந்தார். நடுவர் விசில் ஊதியதும் மற்றவர்களைவிட அவசரமாக ஓடிப்போய் உதைப்பவர்கள் ஆங்கிலேயர் என்று கண்டார். எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற அவசரம் அது. அந்த வெள்ளைப் புள்ளியில் நின்றவன் ஒரு பந்தை மட்டும் உதைக்கவில்லை. 1966 ஐயும், பத்திரிகைகளையும், முன்னர் தவறவிட்டவர்களின் முகங்களையும் சேர்த்து உதைத்தான்.

படிக்கத் தொடங்கிய காலம்

2000 ஐரோப்பியக் கிண்ணத்தில் தன் குழுவில் கடைசியாக வந்த ஜேர்மனி, வெட்கப்பட்டு, பெரிய கழகம் ஒவ்வொன்றும் இளையோர் பயிற்சிக்கூடம் நடத்தவேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2014 இல் உலகக்கிண்ணத்தை எடுத்தது. அதே 2014 இல் இங்கிலாந்து இரண்டு ஆட்டங்களோடு வெளியேறியது. 2016 இல் சுமார் 330,000 சனமுள்ள ஐஸ்லாந்திடம் தோற்றது. லண்டனில் ஒரு பகுதியின் சனத்தொகை அது.

ஆனால் அதற்குள் வேலை தொடங்கியிருந்தது. 2012 இல் பேர்ட்டன் நகருக்கு அருகே செயின்ற் ஜோர்ஜஸ் பார்க் என்னும் தேசியப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. கழகங்களின் இளையோர் பயிற்சி சீரமைக்கப்பட்டது. 15 வயதுப் பிள்ளையிலிருந்து தேசிய அணி வரை ஒரே முறையில் ஆடப் பழக்கினார்கள். 2017 இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தையும், கொல்கத்தாவில் ஸ்பெயினை 5-2 என்று வென்று 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தையும் இங்கிலாந்துப் பிள்ளைகள் எடுத்தார்கள்.

பெண்களின் கதையும் இதுதான். 1920 நத்தாருக்கு அடுத்த நாள் லிவர்பூலில் பெண்களின் ஆட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைச் சங்கம் தடை செய்தது. தடை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்தது. அந்தத் தடை போய், காசும் பயிற்சியும் கொடுத்து, ஒல்லாந்திலிருந்து சரீனா வீக்மன் என்ற பயிற்றுநரையும் அழைத்து வந்த பிறகு, 2022 இலும் 2025 இலும் ஐரோப்பியக் கிண்ணம் இங்கிலாந்துப் பெண்களுடையதாயிற்று.

ஆண்கள் அணியின் பொறுப்பு, 1996 இல் தண்ட உதையைத் தவறவிட்ட அதே சவுத்கேற்றிடம் வந்தது. அவர் தண்ட உதையையும் ஒரு பாடமாக்கினார். யார் உதைப்பது என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்து, நடுக்கோட்டிலிருந்து நடந்து வருவதையும், மூச்சை இழுத்து நிதானிப்பதையும் மாதக்கணக்கில் பழக்கினார். 2018 இல் கொலம்பியாவை வென்றார்கள். உலகக்கிண்ணத்தில் இங்கிலாந்து வென்ற முதலாவது தண்ட உதைப் போட்டி அது.

என் மகனுக்குச் சொன்ன பதில்

2021 இல் மறுபடி தோற்றார்கள் என்பது மெய். அன்று சாகாவுக்கு வயது 19. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டன் ஈலிங்கில் பிறந்த பிள்ளை. 55 வருடக் கணக்கை அவன் காலில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வென்றிருந்தால் இங்கிலாந்தின் பிள்ளை. தவறியதும் வேறு யாரோ. மன்செஸ்ரரில் ராஷ்ஃபோர்டின் சுவர் ஓவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். ஆனால் அடுத்த நாளே அயலவர்களும் சிறுபிள்ளைகளும் வந்து அந்தச் சுவரைக் கடிதங்களாலும் காகித இதயங்களாலும் மூடினார்கள். இரண்டும் இந்த நாடுதான்.

மகனிடம் அன்று பின்னேரம் சொன்னேன்: "ஏசுறவை இருப்பினம், தம்பி. பொய் சொல்ல மாட்டன். ஆனா தோற்றது அந்தப் பெடியன் இல்லை. அவன் பிறக்க முந்தியே, கதிரையில இருந்த பெரிய ஆக்கள், எங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு படிக்காமல் விட்டதால தோற்றது." அவன் முழுவதும் நம்பினானோ தெரியவில்லை.

2024 யூலை 6. டுசல்டோர்வ் நகரில் சுவிசோடு காலிறுதி. தோல்விக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சமன் செய்த கோலைப் போட்டவர் சாகா. பிறகு தண்ட உதைகள். என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. மூன்றாவதாகச் சாகா நடந்து வந்தார். நின்றார். உதைத்தார். கோல். ஐந்து பேரும் ஐந்தையும் போட்டார்கள். இப்போது என்னைவிட உயர்ந்துவிட்ட மகன் சத்தம் போடவில்லை. "அப்பா, அவன் திரும்பவும் போய் அடிச்சிருக்கிறான்" என்று மட்டும் சொன்னான். இறுதியில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றார்கள். கிண்ணம் அப்போதும் வரவில்லை. ஆனால் அன்று அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எமக்கும் ஒரு பழம்பெருமை உண்டு. படிப்பில் நாங்கள், பண்பாட்டில் நாங்கள், ஊரில் இப்படி இருந்தோம் என்று சொல்லிச் சொல்லி, நாம் இழந்ததை எல்லாம் ஈடுசெய்யும்படி பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களில் கொண்டுபோய் இறக்குகிறோம். பிள்ளை ஒரு பரீட்சையில் தவறினால் குடும்பமே தோற்றது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். நானும் செய்திருக்கிறேன், மூத்தவளிடம் கேட்டால் சொல்லுவாள். அந்த வெள்ளைப் புள்ளியில் பிள்ளை நிற்கும்போது அவனுடைய பந்தை மட்டும் அவன் உதைக்கட்டும். எங்கள் 1966 ஐ நாங்களே வைத்திருப்போம்.

சங்கத்தின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பந்து விளையாடுகிறார்கள். பெற்றோர் ஒரு நாளைக்கு வந்து கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கோ. தவறவிட்டாலும் கைதட்டுங்கோ. அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.